சிவப்புப் பக்கம்

அத்தியாயம் 14

போன வாரம் அன்னபூர்ணாவின் கை ஒரு இடத்தில் திடுக்கிட்டு நின்றதோடு விட்டிருந்தோம். சங்கராந்திக்குத் தைத்த புதுப் பிளவுஸ் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க, நாத்தனார் கஸ்தூரிக்குக் கொக்கி மாட்டிவிடப் போன கை அது. இடது மார்பின் ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி.

அதற்கப்புறம் அந்த தார்வாட் வீட்டில் எல்லாம் ஓட்டம்தான். திங்கட்கிழமை லேடி டாக்டர். செவ்வாய்க்கிழமை ஹூப்ளி ஆஸ்பத்திரியில் ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். ரிசல்ட் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு என்றார்கள். நடுவில் சங்கராந்தி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அக்கம்பக்கத்தார் கொடுத்துவிட்டுப் போன எள்ளு வெல்லப் பொட்டலங்கள் பிரிக்காமலே கிடந்தன.

இன்றைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை.

அன்னபூர்ணாவின் புருஷன் விருபாக்ஷனை நாலு நாளாகத் தின்றுகொண்டிருந்தது கட்டி மட்டும் இல்லை. லேடி டாக்டர் கேட்ட கேள்வியும், அதற்குத் தங்கை பார்த்த பார்வையும்.

"எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

"மூணு மாசம்" என்றாள் கஸ்தூரி.

"மூணு மாசமா என்னம்மா பண்ணிட்டிருந்தே? நாப்பத்தொரு வயசாச்சு, இதுகூடத் தெரியாதா?"

கஸ்தூரி வாசலோரம் நின்றிருந்த அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை அது. 'நீயே சொல்லேன் அண்ணா' என்கிற மாதிரி இருந்தது. விருபாக்ஷனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

காலை ஆறு மணிக்கு அவன் கண் விழித்தபோது சமையலறையிலிருந்து தப் தப் என்று சத்தம் வந்தது. கஸ்தூரி சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கதக் ஊரில் கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் ஒன்பது வருஷத்துக்கு முன் டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தவள், ஒரே மாதத்தில் கடைத்தெரு மெஸ்ஸுக்கு ரொட்டி போட ஆரம்பித்துவிட்டாள். தினம் நூற்றிருபது. யார் கையையும் எதிர்பார்த்து அவள் இருந்ததில்லை.

"இன்னிக்குமா?" என்றான் விருபாக்ஷன்.

"மெஸ்காரர்கிட்ட என்ன சொல்றது? எனக்கு ரிசல்ட் வருது, அதனால உங்க ஆளுங்க எல்லாம் பட்டினி கெடங்கன்னா?"

"டாக்டர் கைய அலட்டிக்க வேணாம்னாரு இல்ல?"

"இடது கைக்குச் சொன்னாரு. அது சும்மா சுத்தி விடுது. அடிக்கிறதெல்லாம் வலது கைதான்." மாவு படிந்த முகத்தோடு நிமிர்ந்தாள். "நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருக்கே? டெஸ்ட் எடுத்தது எனக்கா, உனக்கா?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சூடான ரொட்டியும் கடலைச் சட்னிப் பொடியும் தட்டில் போட்டு நீட்டினாள். பாதியைத் தின்று மீதியை வைத்துவிட்டு கல்லூரிக்குக் கிளம்பினான். ரெண்டு மணிக்கு வந்து அவளை ஹூப்ளிக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. அன்னபூர்ணா தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள்.

இஞ்சினியரிங் கல்லூரியில் விருபாக்ஷனுடைய வேலை என்ன என்று புது வாசகர்களுக்கு ஒரு வரி. ரெண்டாயிரம் பிள்ளைகள் ஒரே கல்லூரி இன்டர்நெட்டில் உட்கார்ந்திருக்கும் இடத்தில், எந்தப் பக்கம் திறக்கலாம், எது திறக்கக் கூடாது என்று முடிவு செய்கிற ஃபயர்வால் அவன் கையில் இருக்கிறது. சூதாட்டம், ஆபாசம், திருட்டுப் படம் எல்லாவற்றுக்கும் அவன்தான் கதவு. பதினெட்டு வருஷ அனுபவம். அந்த கர்வமும் கொஞ்சம் உண்டு.

பத்தரை மணிக்கு பிரின்சிபால் தேசாய் கூப்பிட்டார்.

"விருபாக்ஷர், அடுத்த வாரம் கமிட்டி வருது. கடந்த மூணு மாசத்துல நம்ம ஃபயர்வால் எதையெல்லாம் தடுத்துச்சுன்னு ரிப்போர்ட் கேப்பாங்க. எடுத்து பைண்ட் பண்ணி வச்சிடுங்க."

"ஆகட்டும் சார்."

"உங்களுக்கென்ன, வீட்லயே ஒண்ணு மாட்டி வச்சிருக்கீங்களாமே! பையன் திருந்திட்டானா?"

"இருக்கான் சார்" என்று சொல்லி நழுவினான். வீட்டுக் கதையை ஸ்டாஃப் ரூமில் பெருமையடித்தது அவனேதான். ஊர் வாய்க்கு அவல் கொடுத்தாயிற்று, மெல்லத்தான் செய்வார்கள்.

அந்த வீட்டுக் கதை ஒன்பதாம் அத்தியாயத்தில் வந்தது. மகன் பிரஜ்வல் பியூசி ரெண்டாம் வருஷம், அதாவது பிளஸ் டூ. தசராவுக்கு மறு வாரம், படிக்கிற பையனின் போனில் பார்க்கக் கூடாதது எதையோ அன்னபூர்ணா பார்த்துவிட்டு அழுதாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே விருபாக்ஷன், கல்லூரியில் கழித்துப்போட்ட ஒரு பழைய ஃபயர்வால் பெட்டியை அனுமதி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து டிவிக்கு மேலே வைத்தான். வீட்டிலுள்ள எல்லாப் போனையும் அதோடு கட்டினான். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தான். காலைப் பலகாரத்துக்கும் கிரிக்கெட் மேட்சுக்கும் நடுவே இருபது நிமிஷத்தில் முடிந்த வேலை. பிரஜ்வல் அதற்கு 'வாட்ச்மேன்' என்று பேர் வைத்தான்.

இப்போது கல்லூரி ரிப்போர்ட்டைத் தேடித் தன் மெயிலைத் திறந்தான். தினம் காலை ஏழு மணிக்கு ஃபயர்வால் அனுப்புகிற ரிப்போர்ட்டெல்லாம் தானாக ஒரு ஓரத்துக்குப் போகும்படி அவனே ஏற்பாடு செய்திருந்தான். பதினெட்டு வருஷமாக ரிப்போர்ட் பார்க்கிறவனுக்கு ரிப்போர்ட் என்றால் அலுப்பு. யாராவது புகார் சொன்னால் திறப்பான். இல்லாவிட்டால் கிடக்கும்.

அந்த ஓரத்தில் கல்லூரி ரிப்போர்ட்டுகளோடு வீட்டு வாட்ச்மேன் அனுப்பியவையும் இருந்தன. நூற்றிரண்டு. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை.

பிரின்சிபால் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. பையன் திருந்திவிட்டானா, பார்த்துவிடுவோமே என்று முதல் நாளிலிருந்து திறந்தான்.

முதல் நாலு நாளும் பிரஜ்வல் பேர்தான். ஐந்தாம் நாளிலிருந்து பையன் பேரே இல்லை. அப்பனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, விஷயம் விளங்க. அவன் திருந்தவில்லை. தாண்டிவிட்டான். வாட்ச்மேன் கண்ணில் மண்ணைத் தூவ இந்தக் காலத்துப் பிள்ளைக்கு நாலு நாள் போதும்.

சிரித்துக்கொண்டே அடுத்ததைத் திறந்தான். அங்கே வேறொரு பேர் இருந்தது.

அக்டோபர் பதினாலு, செவ்வாய்க்கிழமை. கஸ்தூரி போன்.

மதியம் 2.40: மார்பில் கட்டி. தடுக்கப்பட்டது.

2.41: மார்பில் சின்னக் கட்டி வலி இல்லை. தடுக்கப்பட்டது.

2.43: மார்புக் கட்டி பயப்பட வேண்டுமா. தடுக்கப்பட்டது.

2.50: மார்பு பரிசோதனை பெண் டாக்டர் தார்வாட். தடுக்கப்பட்டது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். கஸ்தூரி பேர் வேறெங்கும் வரவில்லை.

என்ன நடந்தது என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது அவன் தொழில். பிரஜ்வல் தேடக் கூடாத வார்த்தைகள் என்று கன்னடத்தில் ஏழு, இங்கிலீஷில் ஏழு, தானே கூச்சப்பட்டுக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு டைப் அடித்தான். ரெண்டு பாஷையிலும் மூன்றாவது வார்த்தை அதுதான்.

இதைவிட உறுத்தியது இன்னொன்று. இதே தப்பை நாலு வருஷத்துக்கு முன் கல்லூரியிலும் செய்திருந்தான். பெண்கள் ஹாஸ்டல் வார்டன் மேஜை மேல் கையை அடித்துச் சண்டை போட்டார். "எங்க பொண்ணுங்க உடம்பு பத்தி ஒண்ணு தெரிஞ்சிக்கணும்னா உங்ககிட்ட மனு போடணுமா?" என்று கேட்டார். அன்றைக்கே மருத்துவப் பக்கங்களுக்கு அனுமதி என்ற விதியை எழுதி, தடை விதிக்கு மேலே வைத்தான். மேலே இருப்பதைத்தான் ஃபயர்வால் முதலில் கேட்கும். மேலே வைக்காவிட்டால் எழுதியும் பிரயோஜனம் இல்லை. ஊரார் பெண்களுக்கு இத்தனை தெரிந்து செய்தவன், தன் வீட்டுக்கு அந்த ஒரு வரியை எழுதவில்லை. மேட்ச் ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் அந்தச் சிவப்புப் பக்கம்.

தடுத்தால் சாதாரணமாக, 'இந்தப் பக்கம் அனுமதிக்கப்படவில்லை' என்று ஒரு வரி வரும். பிரஜ்வலை மிரட்ட வேண்டும் என்று விருபாக்ஷன் அதை மாற்றினான். முழுத் திரையும் சிவப்பு. நடுவில் பெரிய எழுத்தில்: 'வெட்கமாக இல்லையா? இது நல்ல குடும்பத்துப் பிள்ளை தேடுகிற விஷயமா? நீ தேடியது என்ன என்று விருபாக்ஷனுக்குத் தகவல் போய்விட்டது.' அன்னபூர்ணாவுக்குக் காட்டினான். ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அந்த மதியம் கஸ்தூரி அந்தப் பக்கத்தை நாலு தடவை பார்த்திருக்கிறாள். ரொட்டியெல்லாம் மெஸ்ஸுக்குப் போன பிறகு, வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் போனில் டேட்டா கிடையாது. "வீட்ல வைஃபை இருக்கும்போது டேட்டா எதுக்கு, தண்டம்" என்று பேச மட்டும் ரீசார்ஜ் செய்துகொடுத்த புண்ணியவானும் அண்ணன்தான்.

அதற்கு மூன்று நாள் கழித்து ராத்திரிச் சாப்பாட்டில் நடந்த ஒரு பேச்சு இப்போது ஞாபகம் வந்தது. கஸ்தூரி பரிமாறிக்கொண்டே, "அண்ணா, உன் வாட்ச்மேன் ரொம்பக் கறாரா இருக்கானே" என்று மெதுவாக ஆரம்பித்தாள். விருபாக்ஷன் பிரஜ்வலை முறைத்துக்கொண்டு சொன்னான்: "தப்பான எடத்துக்குப் போகாதவங்களுக்கு அவனால ஒரு தொந்தரவும் இல்ல."

கஸ்தூரி இன்னொரு ரொட்டி வேண்டுமா என்று கேட்டாள்.

நாற்காலியிலிருந்து எழுந்தான், உட்கார்ந்தான். தடுக்கப்பட்ட நாலு வரியையும் திரும்பப் படித்தான். பிறகு அவன் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நடந்ததைத்தானே சொல்ல வேண்டும். அக்டோபர் பதினாலாம் தேதி ரிப்போர்ட்டை அழித்துவிட்டான்.

அழித்ததும் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தான் போலிருக்கிறது. ஆகவில்லை. ரெண்டு நிமிஷம் கழித்து, அழித்தவை போய்ச் சேரும் இடத்துக்குப் போய் அதைத் திரும்ப எடுத்து வைத்தான். வீட்டுப் பெட்டிக்குள் இங்கிருந்தே நுழைந்து அந்தப் பதினாலு வார்த்தையையும் நீக்கினான். சிவப்புப் பக்கத்தையும் எடுத்தான். மூன்று மாதம் கழித்து அந்த வேலைக்கு மூன்று நிமிஷம்தான் ஆனது.

வராந்தாவுக்கு வந்து மனைவிக்கு போன் செய்தான்.

"என்னங்க, ரிசல்ட் முன்னாடியே வந்துடுச்சா?" என்றாள் அன்னபூர்ணா. பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது.

"இல்ல. வேற ஒண்ணு." சொன்னான். திக்கித் திணறி, நடுவில் ரெண்டு இடத்தில் நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னான்.

அன்னபூர்ணா வெளியே வந்துவிட்டாள் போலிருக்கிறது, பிள்ளைகள் சத்தம் தள்ளிப் போனது.

"அந்த வார்த்தையையா பட்டியல்ல போட்டீங்க?"

"பிரஜ்வலுக்காகத்தான்..."

"அது எனக்கும் இருக்கு. அவளுக்கும் இருக்கு. அதுலதான் உங்களுக்குப் பால் குடுத்தாங்க உங்கம்மா. அது கெட்ட வார்த்தைன்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

ஸ்டாஃப் ரூமிலிருந்து யாரோ வர, விருபாக்ஷன் வராந்தா ஓரத்துக்கு நகர்ந்தான்.

"உங்கள மட்டும் சொல்லி என்ன பண்றது" என்றாள் அன்னபூர்ணா. "அந்த செவப்புப் பக்கத்தப் பாத்து நானும்தானே பல்ல இளிச்சேன். இது வேற யாருக்கும் வந்தா என்னன்னு எனக்கும்தானே தோணல."

"நான் இன்னிக்கு அவகிட்ட சொல்லிடறேன்."

"சொல்லாதீங்க!" என்று வெடித்தாள். "ரிசல்ட் வரட்டும், அப்புறம் பாக்கலாம். இன்னிக்கு அவ ஒரு பாரத்தைத் தூக்கிட்டுப் போறா. உங்க பாரத்தையும் அவ தலைல ஏத்தி வைக்கப் போறீங்களா? உங்க மனசு லேசாகணும்னா கோயிலுக்குப் போங்க. அவகிட்ட போகாதீங்க."

நியாயமான பேச்சு. விருபாக்ஷன் சரி என்றான். மனசார சரி என்றான்.

ரெண்டேகாலுக்கு ஹூப்ளி பஸ்ஸில் அண்ணனும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கஸ்தூரி அந்தப் புதுப் பிளவுஸையே போட்டிருந்தாள். மடியில் மருத்துவக் காகிதங்கள் வைத்த துணிப்பை.

பஸ் ஊரைத் தாண்டும்வரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் திரும்பாமலே சொன்னாள்:

"அண்ணா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அங்க போனா சொல்ல முடியுமோ என்னமோ."

"சொல்லு."

"உனக்கு அப்பவே தெரியும்ல?"

விருபாக்ஷன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"அக்டோபர்ல நான் தேடினது. உனக்குத் தகவல் போயிடுச்சுன்னு அதுலயே எழுதியிருந்துச்சே. அன்னிக்கு எனக்கு உயிரே போயிடுச்சு. அண்ணன் மொகத்துல எப்படி முழிக்கிறதுன்னு ரெண்டு நாள் உன் எதிர்லயே வரல, ஞாபகம் இருக்கா? நான் என்ன, அசிங்கமா ஏதோ தேடின மாதிரி."

"கஸ்தூரி..."

"இரு, சொல்லி முடிச்சிடறேன். அப்புறம் பாத்தா, நீ ஒண்ணும் கேக்கல. சாதாரணமா இருந்தே. அடுத்த வாரமே மாவு பெசையற மெஷின் வாங்கிட்டு வந்தே. 'கைய வருத்திக்காத'ன்னு சொன்னே. அப்பதான் புரிஞ்சுது. அண்ணன் தங்கச்சிகிட்ட இதை எப்படி வாயத் தொறந்து கேப்பான்? கேக்காம செய்யறான்னு புரிஞ்சுது."

மெஷின், உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் வீட்டில் சும்மா கிடந்தது. பாதி விலைக்குக் கிடைத்ததென்று வாங்கிவந்தான். கைய வருத்திக்காத என்று சொன்னதே அவனுக்கு ஞாபகம் இல்லை.

"திங்கக்கெழம திங்கக்கெழம சோமேஸ்வரன் கோயிலுக்குப் போக ஆரம்பிச்சே. முன்னல்லாம் போவியா நீ?"

பிரமோஷனுக்கு வேண்டிக்கொண்டு போனான்.

"எனக்கும் நடுவுல பயம் வரும். கட்டி பெருசாகற மாதிரி தோணும். அப்ப என்ன நெனச்சுப்பேன் தெரியுமா? அண்ணன் படிச்சவன். எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல பாத்திருப்பான். டாக்டர்கிட்டயும் கேட்டிருப்பான். பயப்படற மாதிரி இருந்தா அவன் சும்மா இருப்பானா? அவன் சும்மா இருக்கான்னா ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம். அப்படி நெனச்சு தூங்கிடுவேன்."

பஸ் நின்றது, கிளம்பியது. யாரோ ஏறினார்கள், யாரோ இறங்கினார்கள்.

"வைனிகிட்டயும் நீ சொல்லியிருப்பேன்னுதான் நெனச்சேன்" என்றாள். அண்ணன் மனைவியை அவள் கூப்பிடுவது அப்படித்தான். "அன்னிக்கு அவங்க கை பட்டதும் அப்படி அலறுனப்பதான், ஓ, இவங்களுக்குத் தெரியாதான்னு நெனச்சேன். பொண்டாட்டிகிட்டகூட சொல்லாம உனக்குள்ளயே வச்சிருந்திருக்கே. எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பே!"

கஸ்தூரி அவன் கைமேல் தன் கையை வைத்தாள். அதில் இன்னும் சோள மாவு வாசனை இருந்தது.

"அதனால இன்னிக்கு எது வந்தாலும் எனக்கு பயமில்ல. ஆரம்பத்துலேர்ந்து நீ கூட இருந்திருக்கே. அது போதும்."

விருபாக்ஷன் யோசித்தான். பேசாமல் இருந்தால் நல்ல அண்ணனாகவே இருந்துவிடலாம். அவளே கொடுக்கிறாள். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. அன்னபூர்ணாவும் பேசாதே என்றுதானே சொன்னாள்? அவன் கையை எடுக்கவும் இல்லை, பேசவும் இல்லை. ஹூப்ளி வரும்வரை அந்தப் பொய்க்குள் உட்கார்ந்துகொண்டு போனான். முள்மேல் உட்கார்ந்திருந்தால் இதைவிடச் சுகமாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் அன்னபூர்ணா முன்பே வந்து இடம் பிடித்து வைத்திருந்தாள். நாலு மணி ஆகி இருபது நிமிஷம் ஆகியும் கூப்பிடவில்லை. அன்னபூர்ணா, "என்ன ஆச்சுன்னு கேட்டுட்டு வரேன்" என்று கவுண்டர் பக்கம் போனாள்.

"இன்னிக்கும் டாக்டர் கேப்பாரு, ஏன் மூணு மாசம் விட்டேன்னு" என்றாள் கஸ்தூரி. "அன்னிக்கு நீ பேசாம நின்னுட்டே. இன்னிக்கு நானே சொல்லிடறேன். எங்கண்ணனுக்குத் தெரியும், அவன் எல்லாம் விசாரிச்சிட்டுத்தான் இருந்தான், அலட்சியமா விடலன்னு. என்னைத் திட்டினா திட்டட்டும், உன்னை யாரும் கொறையா நெனைக்கக் கூடாது."

அதற்குமேல் விருபாக்ஷனால் முடியவில்லை.

"எனக்குத் தெரியாது கஸ்தூரி."

"என்ன தெரியாது?"

"ஒண்ணுமே தெரியாது. தகவல் வந்துச்சு. நான் பாக்கல. தினமும் வந்துச்சு, ஒருநாள்கூடத் தொறக்கல. இன்னிக்குக் காலைலதான் மொத மொதலா பாத்தேன்."

அவள் புரியாமல் பார்த்தாள். அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று பயம்.

"அந்த வார்த்தையத் தடுத்தது நான்தான். பிரஜ்வலுக்காகப் போட்டேன். உனக்கு வரும்னு யோசிக்கல. வெட்கமா இல்லையான்னு எழுதினதும் நான்தான். அந்த மெஷின் சும்மா மலிவா வந்துச்சுன்னு வாங்கினேன். கோயிலுக்குப் போனது வேற விஷயத்துக்கு. நான் சும்மா இருந்தது ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சு இல்ல. எனக்கு எதுவுமே தெரியாது."

உண்மையைச் சொல்லிவிட்டான் என்று முதுகில் தட்டிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவள் சொல்லப்போகிற பொய்யைத் தடுக்கச் சொன்னானா, தன் நெஞ்சுப் பாரம் தாங்காமல் சொன்னானா என்று அவனுக்கே தெரியாது. தெரிந்தாலும் ஒப்புக்கொள்வானா என்பது சந்தேகம்.

கஸ்தூரி அழவில்லை, கத்தவில்லை. அவன் கத்த வேண்டுமென்று எதிர்பார்த்தான். கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பான். அவள் பையின் காதைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள். விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள். அக்டோபர், நவம்பர், டிசம்பர்.

"அப்போ அந்த மூணு மாசமும் நான் தனியாவா இருந்தேன்?" என்று கேட்டாள்.

சத்தமே இல்லாமல்தான் கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். விருபாக்ஷன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கஸ்தூரி ஹிரேமட்! கஸ்தூரி ஹிரேமட் யாரும்மா?" என்று கதவைத் திறந்து கூப்பிட்டாள் நர்ஸ்.

அன்னபூர்ணா கவுண்டரிலிருந்து ஓடி வந்தாள். கஸ்தூரி எழுந்தாள். கூடவே எழுந்த அண்ணனைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ வேணாம்" என்றாள். "வைனி, நீங்க வாங்க."

அன்னபூர்ணா ஒருமுறை புருஷன் முகத்தைப் பார்த்தாள். சொல்லாதீங்கன்னு சொன்னேனே என்று கேட்க அவளுக்கு நேரமில்லை. நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

கதவு சாத்திக்கொண்டது. விருபாக்ஷன் வெளியே நின்றான்.